மத்தியானத்தில் குறையும் காற்று

எங்கள் டன்னலில் காற்று வீசுவதில்லை, இழுக்கப்படுகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எங்கேருந்து ஊதுது?" என்றுதான் கேட்பார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அறையின் நீளத்துக்கு ஒரு மரக்குழாய். பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மின்விசிறி, முன்பக்கம் புனல் மாதிரி அகன்ற வாய். விசிறி பின்னாலிருந்து உறிஞ்சிச் சுவருக்கு வெளியே தள்ள, அறையில் இருக்கிற காற்று முன்வாய் வழியாக உள்ளே போகும். நடுவில் குழாய் குறுகும் இடத்தில், வழி இல்லாததால் வேகமெடுத்து ஓடும். அந்த இடத்துக்குத்தான் கண்ணாடிச் சுவர் வைத்திருக்கிறோம். அங்கே எதை நிறுத்தினாலும், காற்று அதை எவ்வளவு பலமாகப் பின்னால் தள்ளுகிறது என்று அடியில் உள்ள தராசு கிராம் கணக்கில் காட்டும். படிப்பாளிகள் டன்னலைக் காற்றுச் சுரங்கம் என்று எழுதுவார்கள். டன்னல் ஓடும்போது யாராவது கதவைப் பாதி திறந்து வைத்தால் அது படாரென்று அறையும். ஏன் என்று கேட்பவர்களிடம், "அறைக் காத்த டன்னல் குடிக்குது, வெளிக் காத்து உள்ள ஓடி வருது, கதவு நடுவுல மாட்டுது" என்பேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த டன்னலுக்கு ஓட்டுநர் நான். அளவெடுப்பவர் என் தங்கையின் கணவர். இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்தேன். இந்த மாதக் கடைசியில் அவருடைய வேலை நிரந்தரமாக வேண்டும். சொந்தக்காரர்கள் சேர்ந்து வேலை பார்த்தால் ஊர் வாய் சும்மா இருக்காது என்பதால் முதல் நாளே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வீட்டில் நான் அவருக்கு அண்ணி, அவர் எனக்கு மாப்பிள்ளை. அலுவலக வாசலைத் தாண்டினால் மேடம், சார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. ஜன்னலோரம் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. என் வீட்டில் நான் தனி ஆள். அதனால் அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வாரம் ஒரு கம்பெனி சைக்கிள் பந்தயத்துக்கான ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது. உருண்டையான, கண்ணாடி போல மின்னும் ஹெல்மெட். கூட வந்த ஆள் அதைவிட மின்னினார், குறிப்பாக அவருடைய ஷூ. மனதுக்குள் அவருக்குப் பாலிஷ்காரர் என்று பெயர் வைத்தேன். நொடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில் முந்நூற்றைம்பது கிராமுக்குக் கீழே வந்தால் அதைப் பெட்டியிலேயே அச்சடித்து விற்பார்களாம். நான்கு நாள் வேலை. தினமும் காலையில் ஓர் ஓட்டம், அது என் பொறுப்பு. பதினொரு மணிக்கு நூல் வேலை. மத்தியானம் இன்னோர் ஓட்டம், அது மாப்பிள்ளை பொறுப்பு.

நூல் வேலை என்பது எங்கள் பழைய வழக்கம். விரல் நீளக் கம்பளி நூல்களை, அறுபது எழுபது, ஹெல்மெட் மேல் சின்னச் சின்ன டேப் துண்டால் ஒட்டுவோம். காற்று ஒட்டிப் போகிற இடத்தில் நூல் படிந்து கிடக்கும். காற்று பரப்பை விட்டுப் பிரிகிற இடத்தில் நூல் பேய் பிடித்ததுபோல ஆடும். பாலிஷ்காரர் அதைப் படம் பிடித்துக்கொள்வார். பிறகு அவரும் மாப்பிள்ளையும் நூல்களைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

எனக்கு ஒரு குணம். அழுக்கைக் கண்டால் ஆகாது. எட்டு மணிக்கே வந்து, யாரும் இல்லாதபோது, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஹெல்மெட்டைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் தேய்த்து, என் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்டத்தை ஆரம்பிப்பேன்.

திங்கட்கிழமை காலை என் ஓட்டத்தில் நானூற்றுப் பத்து கிராம். மத்தியானம் அவருடைய ஓட்டத்தில் முந்நூற்று முப்பது. அதே ஹெல்மெட், அதே வேகம். ஏதோ கோளாறு என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை நானூற்றுப் பன்னிரண்டு, மத்தியானம் முந்நூற்று முப்பத்தொன்று. அப்போது எனக்கு மூக்கில் வியர்த்தது.

கோளாறு என்றால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது மணி பார்த்துக் குறைந்தது, அதுவும் கம்பெனிக்கு வேண்டிய பக்கமாகவே குறைந்தது. தராசுப் பெட்டிக்குள் பூஜ்யத் திருகு என்று ஒன்று இருக்கிறது. ஓட்டத்துக்கு முன் அதைத் திருகித்தான் எண்ணைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் திருகினால் எண்பது கிராம் காணாமல் போகும். யாருக்கும் தெரியாது.

அன்று முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லாமே தப்பாகத் தெரிந்தது. கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். நான் பக்கத்தில் போனால் மூடிவிடுவார். போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுவார். சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்களுக்கு முன்னால் திரும்பி வந்துவிடுவார். பாலிஷ்காரர் போகும்போது அவர் தோளில் தட்டி, "நீங்க இருக்கிற வரைக்கும் எங்களுக்குக் கவலையில்ல சார்" என்றார். என் தோளில் யாரும் தட்டவில்லை. எனக்கு அதுவும் உறுத்தியது, இல்லையென்று சொன்னால் பொய்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்து நூல் விட்டுப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை எப்படி இருக்காரு? ஏதாவது யோசனையா இருக்காரா?"

"நீயுமா?" என்றாள்.

"நீயுமான்னா?"

"ஒண்ணுமில்லக்கா. அவரப் பத்தி ஏதாவது கேக்கணும்னா அவர்கிட்டயே கேளேன். பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க ரெண்டு பேரும்." பிறகு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

'நீயுமா' என்றால் வேறு யாரோ ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். விஷயம் வீடு வரைக்கும் போயிருக்கிறது, இவள் புருஷனுக்காக மறைக்கிறாள். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை காலை ஓட்டம் முடிந்ததும், என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கித் தராசுப் பெட்டியின் மூடிக்கும் விளிம்புக்கும் குறுக்கே எச்சில் தொட்டு ஒட்டினேன். மூடியைத் திறந்தால் முடி விழும். எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. நூல் வேலை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனதும் நைசாக உள்ளே வந்து பார்த்தேன். முடி இல்லை. தரையிலும் இல்லை. அன்று மத்தியான ஓட்டத்தில் முந்நூற்று இருபத்தொன்பது.

எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. நான் கூட்டி வந்த ஆள். நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் 'அக்காவும் கூட்டு' என்றுதான் பேசுவார்கள். மூன்று மணிக்கு உட்கார்ந்து டைரக்டருக்குக் கடிதம் எழுதினேன். காலை மத்தியான எண்கள், திருகு, நோட்டு, மாடிப்படிப் போன், தோளில் தட்டியது, கடைசியாக முடி, எல்லாவற்றையும் எழுதினேன். உறவு என்பதால் மறைக்க மனம் வரவில்லை என்று ஒரு வரி வேறு. டைரக்டர் சிரிக்கவே தெரியாத அம்மாள். வாங்கிப் படித்தார். 'முடி' என்ற இடத்தில் அவருடைய புருவம் ஒரு முறை ஏறி இறங்கியது.

"இது உண்மைன்னா அவருக்கு நிரந்தரம் கிடையாது. வேலையே கிடையாது. தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"வெள்ளிக்கிழமை விசாரிக்கிறேன். விதிப்படி என்ன செய்யணுமோ செய்வேன்."

அந்த விதியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தங்கை முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் செய்தது சரி என்று எனக்கு நானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை கடைசி நாள். காலையில் நானூற்றுப் பதினொன்று. மத்தியான ஓட்டத்துக்கு நானும் இருப்பேன் என்று சொன்னேன். மாப்பிள்ளை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தாராளமா இருங்க மேடம். இன்னும் சொன்னா, இன்னிக்கு நீங்களே எல்லாம் பண்ணுங்க. நான் இங்க உக்காந்துக்கறேன்."

சுவரோரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வகுப்பில் தண்டனை வாங்கியவர் மாதிரி. திருட்டு முழி எதுவும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்றால் வேலையை ஏற்கெனவே முடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நானே பெட்டியைத் திறந்தேன். நானே பூஜ்யத்தில் நிறுத்தினேன். நூறு கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், நூறு காட்டியது. நானே விசிறியை ஓட்டி நொடிக்குப் பதினைந்து மீட்டரில் நிறுத்தினேன். திரையில் எண் ஏறி, தள்ளாடி, நின்றது. முந்நூற்று முப்பத்திரண்டு.

மாப்பிள்ளை ஸ்டூலை விட்டு அசையவில்லை. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

தராசில் இல்லை என்றால் ஹெல்மெட்டில்தான் ஏதோ செய்திருக்க வேண்டும். விசிறியை நிறுத்தி, கண்ணாடிக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டேன். பார்வைக்கு ஒன்றும் இல்லை. விரலால் முன்பக்கத்தைத் தடவினேன். விரல் வழுக்கவில்லை. பிசுபிசுவென்று நின்று நின்று போனது. நகத்தால் சுரண்டினால் டேப்பின் பசை, சின்னச் சின்னப் புள்ளியாக, அறுபது எழுபது இடத்தில். அதன் மேல் கம்பளித் தூசி.

"என்ன அசிங்கம் இது. பிச்சா ஒழுங்கா பிக்கிறதில்ல?" என்று கத்திவிட்டு, சந்தேகத்தையெல்லாம் மறந்து, துணியையும் ஸ்பிரிட்டையும் எடுத்து அழுத்தித் துடைத்தேன். கை அதுவாகச் செய்தது. துடைத்து முடித்து, என் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் மாப்பிள்ளை ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பதும் தெரிந்தது.

"மேடம். இப்ப மறுபடி ஓட்டுங்க."

ஓட்டினேன். நானூற்றுப் பத்து.

அவர் மேஜையிலிருந்து டேப்பை எடுத்து, மெல்லிசாக ஒரு கீற்றுக் கிழித்து, ஹெல்மெட்டின் முன் நெற்றியில் குறுக்கே ஒட்டினார். மறுபடி ஓட்டினேன். முந்நூற்று முப்பது.

பாடப் புத்தகத்தில் முதல் சில பக்கங்களிலேயே வரும் விஷயம். உருண்டையின் மேல் ஓடும் காற்றில், பரப்பை ஒட்டிய ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அது பரப்போடு உரசி உரசிச் சக்தி இழந்து மெதுவாகிவிடும். வழவழப்பான பரப்பில் அந்த அடுக்கு ஒழுங்காக, சாதுவாக ஓடி, பாதி வழியிலேயே களைத்துப்போய்ப் பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். பிரிந்த இடத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பெரிய சுழல் உண்டாகும். முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு, ஆகவே தள்ளு. ஆனால் பரப்பில் ஒரு சொரசொரப்பு இருந்தால் அந்த அடுக்கு கலங்கிவிடும். கலங்கினால் மேலே வேகமாக ஓடும் காற்று கீழே கலந்து அதற்குத் தெம்பு கொடுக்கும். அது இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே போகும், பின்னால் இருக்கும் சுழல் சின்னதாகும், தள்ளு குறையும். எல்லா வேகத்திலும் இப்படி ஆகாது. இந்த அளவு உருண்டைக்கு, சொல்லி வைத்ததுபோல, பதினைந்து மீட்டரில் ஆகும்.

திருடன் பசை. அந்தத் திருடனைத் தினமும் காலையில் துடைத்துத் தடயத்தை அழித்தது நான்.

"அப்ப ரெண்டு நம்பரும் உண்மைதான்" என்றார் மாப்பிள்ளை. "பாலிஷ்காரர் பெட்டியில எத அச்சடிப்பாரு?"

நான் மனதுக்குள் வைத்த பெயர் அவருக்கும் தோன்றியிருக்கிறது. சிரிப்பு வந்தது, நான்கு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

திறந்தேன். திங்கள், எட்டு மணி பத்து நிமிடம், மேடம் தனியாக உள்ளே, கையில் துணி, பாட்டில். செவ்வாய், எட்டு ஐந்து, மேடம் தனியாக, இருபது நிமிடம், காலை எண் மறுபடி அதிகம். புதன், மேடம் தராசுப் பெட்டி மேல் குனிந்து ஏதோ செய்தார், கதவிடுக்கில் பார்த்தேன்.

"நான் உங்களச் சந்தேகப்பட்டேன் அண்ணி" என்றார். அலுவலகத்துக்குள், இரண்டு வருடத்தில் முதல் முறையாக, அண்ணி என்றார். "வேற ஏதோ கம்பெனிக்காக இந்த ஹெல்மெட்ட மட்டம் தட்டறீங்களோன்னு. லஞ்சுல சீக்கிரம் வந்து தராசச் சரி பார்ப்பேன். டைரக்டருக்கு ஒரு லெட்டர்கூட எழுதி வச்சேன். திங்கள்கிழமையிலேருந்து உங்க தங்கச்சிகிட்ட போன்ல புலம்பிக்கிட்டே இருந்தேன். அக்காவப் பத்தி ஏதாவது கேக்கணும்னா அக்காகிட்டயே கேளுங்கன்னு சொல்லிட்டா. கேக்கத் தைரியம் வரல. ஆனா லெட்டரக் கிழிச்சுட்டேன்."

நீயுமா என்று அவள் கேட்டதன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. கூடவே முடியும் ஞாபகம் வந்தது. பதினொரு மணி நூல் வேலைக்கு டன்னல் ஓடியிருக்கிறது. அறைக் காற்றை அது குடித்திருக்கிறது. கதவிடுக்கு வழியாக வெளிக் காற்று ஓடி வந்திருக்கிறது. கதவையே அறைகிற காற்றுக்கு ஒரு முடி எம்மாத்திரம். இதை ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்கிறவள், முடி விழுந்ததையே சாட்சியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டேப் கீற்றை ஹெல்மெட்டிலிருந்து மெதுவாக உரித்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா அண்ணி?"

சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும். ஆனால் கடிதம் இன்னும் டைரக்டர் மேஜையில்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, போய் வாங்கிக் கிழித்துவிட்டால் நடக்காதது போலவே ஆகிவிடும் என்று என் புத்தி வேகமாக ஓடியது. பூசி மெழுகுவதில் எனக்குப் பழக்கம் இருக்கிறதே.

"இல்லையே. என்ன சொல்ல?" என்றேன்.

"சரி" என்றார்.

அவர் கை கழுவப் போனதும் மாடிக்கு ஓடினேன். மூச்சு வாங்க டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பசை, தூசி, டேப் கீற்று, முடி. அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். அலமாரியிலிருந்து கடிதத்தை எடுத்து, குறுக்கே 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் வேலை நிரந்தரமாவதில் தடை இல்லை என்றார். அப்பாடா என்று எழுந்தேன்.

"அவர்கிட்ட நான் தனியாச் சொல்லணுமா, நீங்களே சொல்லிடறீங்களா?" என்றார் டைரக்டர்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது மேடம். தெரியவே வேண்டாம்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "புகார் வந்தா, யார் மேல வந்துச்சோ அவருக்கு அன்னிக்கே ஒரு பிரதி கொடுக்கணும். அதுதான் விதி. நேத்து அஞ்சு மணிக்குக் கொடுத்துட்டேன். இங்கேயே நின்னு படிச்சுட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனாரு."

நேற்று ஐந்து மணி. அப்படியென்றால் இன்று ஸ்டூலில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தபோது அவருக்குத் தெரியும். நோட்டை நீட்டியபோது தெரியும். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோதும் தெரியும். நான் படியிறங்கி வந்தபோது அவர் மேஜையைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். ஹெல்மெட் சுத்தமாகப் பெட்டிக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதினோம். இரண்டு எண்ணையும் போட்டோம், காரணத்தையும் போட்டோம். வேலையைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் பாலிஷ்காரர் உள்ளே வந்தார். அது சாக்கு என்று எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல ஒரு மணிக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், என் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. கதவைத் திறந்தது மாப்பிள்ளை. முகத்தில் கோபம் இல்லை, நல்ல மரியாதை இருந்தது.

"வாங்க மேடம். உள்ள வாங்க" என்றார்.

அவருக்குப் பின்னால் தங்கை தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அவரைத் திருத்தவில்லை. செருப்பைக் கழற்ற எனக்கு வெகுநேரம் பிடித்தது.